ஏழாம் பாத்தி நீலம்

எங்கள் மலையடிவாரத்தில் மிசாவோவைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவளுக்குத் தொழில் தெரியாது என்று சொல்கிறவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். அறுபத்து மூன்று வயது, குள்ளமான உருவம். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு, இடுப்பில் கத்தரிக்கோல் உறை, உறையோடு சேர்த்துக் கட்டிய சின்னக் குப்பியில் கத்தரி துருப்பிடிக்காமல் பூசுகிற கமீலியா எண்ணெய். ஒன்று நன்றாயில்லை என்றால் நன்றாயில்லை என்பாள். அதையே நோகாமல் சொல்ல எங்கள் ஊரில் இருபது சுற்றுவழிகள் உண்டு. அவளுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

புருஷன் யாசுஜி செத்துப் பதினான்கு வருஷமாகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு, பைன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் சொகாபே வீட்டுக்கு வந்தார். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். பிறகு நிதானமாக உட்கார்ந்து, "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுடும்மா. பைன் மரமெல்லாம் பொம்பளை கைக்கு அடங்குற சமாச்சாரம் இல்ல" என்றார்.

"அடங்கலேன்னா அது மரத்தோட பாடு, என்னோட பாடு. நீங்க டீ ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றாள் மிசாவோ.

அன்று தொடங்கிய பகை. சொகாபே கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தலைவராகவே இருந்து பழகிவிட்டவர், அவ்வளவுதான். ஊரில் யார் எதை நட்டாலும் தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைப்பார். மிசாவோ கேட்கவே இல்லை.

அவள் வளர்ப்பது ஐந்து ஊசி வெண்பைன். ஒரு காம்புக்கு ஐந்து ஊசியிலை, ஊசியின் உட்பக்கம் வெள்ளைக் கோடு. பெரும்பாலும் பச்சைதான். எப்போதோ ஒன்று நீலமாக முளைக்கும். யாசுஜி உயிரோடு இருந்தபோது இருவரும் மலைமுகட்டிலிருந்து காய் பொறுக்கி வந்து ஏழு பாத்தி விதைத்தார்கள். ஏழாவது பாத்தியில் ஒரே ஒரு நாற்று சாம்பல் பூசியதுபோல நீலமாக நின்றது. யாசுஜி துள்ளிக் குதித்தார். மிசாவோ குதிக்கவில்லை. "அஞ்சு வருஷம் பாப்போம்" என்றாள்.

நீலத்தைத் தேர்ந்தெடுப்பது லேசில்லை. நல்ல வெயிலில் எந்த மரமும் கொஞ்சம் நீலம் காட்டி ஏமாற்றும். மூட்டமான நாளில் பார்க்க வேண்டும். சிலது குருத்தில் நீலமாக இருந்து முற்றியதும் பச்சையாகிவிடும். சிலது குளிர்காலத்தில் சேறு படிந்த மாதிரி மஞ்சளாகும். சிலதின் நிறம் நன்றாயிருக்கும், ஊசி திருகிக்கொண்டிருக்கும். ஐந்து வருஷம், எல்லாப் பருவத்திலும் பார்த்துவிட்டுத்தான் ஏழாம் பாத்தி நாற்றிலிருந்து ஒட்டு எடுத்தாள். வெண்பைனைக் கரும்பைன் வேரில்தான் ஒட்டுக் கட்டுவோம். பலர் முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள், குனிய வேண்டாம் பாருங்கள். வருஷம் போகப் போக, கீழே கரும்பைனின் செதில் பட்டை தடித்துவிடும், மேலே வெண்பைனின் வழவழப்புப் பட்டை மெலிந்து நிற்கும். வேறொருத்தர் கால்சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். மிசாவோ மண்ணில் மண்டியிட்டு, மண் மட்டத்தில் ஒட்டுக் கட்டுவாள். அவள் முழங்கால் இன்றைக்கு மாடியேற மறுப்பதற்கு அதுதான் காரணம்.

போன வருஷம் நகராட்சி புது நூலகம் கட்டியது. வாசலில் ஒரே ஒரு மரம், அதுவும் நீல வெண்பைன்தான் என்று முடிவாயிற்று. மரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உத்சுமி என்கிற தோட்டக் கலைஞருக்கு. நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார், எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்வார். நவம்பரில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு மரத்தை எடுத்து வைத்தார். ஒன்று சொகாபேயின் 'பனித்தேவி'. அவருடைய அப்பா காலத்து ரகம், பேர்போனது. இன்னொன்று அந்த நீல நாற்றிலிருந்து ஒட்டுக் கட்டி மிசாவோ வளர்த்த மரம். அதற்குப் பெயரே இல்லை, அவள் 'ஏழாம் பாத்தி' என்றுதான் சொல்வாள். பிப்ரவரியில் சங்க முற்றத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

மிசாவோவுக்கு ஆசை வந்துவிட்டது. ஊரே நடந்து போகிற வாசலில், தான் பொறுக்கிய நீலம் நிற்க வேண்டும். ஆசையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் பித்தப்பைக் கல் அவளைப் படுக்கையில் தள்ளியது. பத்து நாள் ஆஸ்பத்திரி. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது கொழுந்தன் தோகுஹெய். யாசுஜியின் தம்பி, பக்கத்துச் சரிவில் மிக்கான் ஆரஞ்சு போட்டிருப்பவன். ஒரு ஈயைக்கூட அடிக்க யோசிப்பான், செதில் பூச்சியை மட்டும் மன்னிக்க மாட்டான். மிக்கான் மரத்துக்குக் குளிர்காலத்தில் எண்ணெய் மருந்து அடிக்காவிட்டால் செதில் பூச்சி மொய்த்துவிடும். அண்ணி படுத்துக் கிடக்கிறாளே, அவள் மரத்துக்கும் சேர்த்து அடித்துவிடுவோம் என்று, தன் தோட்டத்தை முடித்த கையோடு பைன் தோட்டத்துக்கும் குழாயை இழுத்துக்கொண்டு போனான். மேலும் கீழும், ஒரு ஊசி விடாமல், பாசமாக அடித்தான்.

பைன் ஊசியின் நீலம் நிறமே இல்லை. திராட்சையின் மேல் படர்ந்திருக்குமே ஒரு வெண்பொடி, அது மாதிரி மெல்லிய மெழுகுப் பூச்சு. விரல் பட்டாலே அழியும். அதனால்தான் அடுத்தவர் மரத்து ஊசியில் கை வைப்பது எங்களுக்குள் பெரிய குற்றம். எண்ணெய் பட்டால் மொத்தமாகக் கரைந்து ஓடிவிடும்.

மிசாவோ வீடு திரும்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல் தோட்டத்துக்கு நடந்தாள். தோட்டம் முழுக்க, கழுவிவிட்ட கீரை மாதிரி பளபளவென்று பச்சை.

"அண்ணி, இந்தக் குளிர்ல ஏன் வெளிய வர்றீங்க? எல்லாம் நான் பாத்துக்கிட்டேன். பூச்சி கீச்சி ஒண்ணும் அண்டாது" என்று சிரித்துக்கொண்டே வந்தான் தோகுஹெய்.

"என்னடா அடிச்சே?"

"எண்ணெய் மருந்துதான். நம்ம மிக்கானுக்கு அடிக்கிறது. நல்லா திக்காத்தான் கலந்தேன்."

அவள் ஒரு கொத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சிரிப்பு போயிற்று.

"அண்ணி... இது திரும்ப வராதா?"

"இந்த ஊசியில வராது. நீ போ."

"அண்ணி, நான் வேணும்னே..."

"போடான்னா போ!"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன் வாசலில் வைத்துவிட்டுப் போகும் மிக்கான் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள், தின்கிற பண்டத்தின் மேல் கோபம் காட்டக் கூடாது என்று. வேறு யாராவதாக இருந்தால் நகராட்சிக்கு ஃபோன் போட்டு, மரத்துக்கு உடம்பு சரியில்லை, இந்த முறை விட்டுவிடுங்கள் என்றிருப்பார்கள். மிசாவோ மரத்தை மண்ணோடு பெயர்த்து, தேர்வுக்கு அனுப்ப வேர்க்கட்டில் வைக்கோல் கயிறு சுற்றினாள்.

தேர்வு நாள் நல்ல மூட்டம். சங்கத்து லாரியே இரண்டு மரத்தையும் முற்றத்தில் இறக்கியது. பனித்தேவி வெள்ளி நீலமாக நின்றது. பக்கத்தில் ஏழாம் பாத்தி, பச்சை. கூடியிருந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

சொகாபே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். "மிசாவோ, கண்ணு ஆபரேஷனா வயித்து ஆபரேஷனா? எந்த மரத்தை ஏத்தினோம்னு தெரியாமயே ஏத்திட்டியா?"

சிலர் சிரித்தார்கள். உத்சுமி சிரிக்கவில்லை. "நவம்பர்ல நான் பாத்த மரம் இது இல்லையே. மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"மாத்தல. அதே மரம். எண்ணெய் பட்டுடுச்சு" என்றாள் மிசாவோ.

"எண்ணெயா? பைனுக்குப் போய் யாரு அடிச்சா?" என்றார் சொகாபே.

"அது என் வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயமாம்! பச்சை மரத்தைக் கொண்டாந்து வச்சுட்டு, நேத்து வரைக்கும் நீலம்னு சொன்னா நம்பிக்கணுமா? அப்படின்னா எங்க வீட்டுப் பூனைகூட போன மாசம் புலிதான்!"

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். மிசாவோவின் காது சிவந்தது. இடுப்புக் குப்பியைத் திறந்து துண்டின் நுனியில் நாலு சொட்டு விட்டாள். என்ன செய்கிறாள் என்று ஒருவருக்கும் பிடிபடுவதற்குள் பனித்தேவியின் முன்னால் போய் நின்று, கண் மட்டத்தில் இருந்த ஒரு கொத்தைத் துண்டால் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள்.

 அவள் கையை எடுத்தபோது அந்தக் கொத்து பளபளவென்று பச்சையாக இருந்தது.

"இப்ப சொல்லுங்க. உங்க மரத்தை நீங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"தொட்டுட்டா! என் மரத்தைத் தொட்டுட்டா!" சொகாபேயின் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. அறுபது வருஷமாக அவர் குடும்பத்தைத் தவிர யாரும் அவர் தோட்டத்து ஊசியைத் தொட்டதில்லை. 

உத்சுமி மட்டும் நவம்பரில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் பாத்தியின் அடிமரத்தருகே குந்தினார். வளைவு, தழும்பு, கிளை வெட்டிய வடு, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பனித்தேவியின் முழங்கால் உயர ஒட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏப்ரல்ல திறப்பு விழா. அதுக்குள்ள நீலம் வருமா?"

"வராது. புது ஊசி ஜூன் கடைசிலதான் விரியும். அதுவும் நுனியில மட்டும். முழு மரமும் மாற ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்றாள் மிசாவோ. ஒரு மாதத்தைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. "விழாவுக்குத்தான் மரம் வேணும்னா அவரோடதை எடுத்துக்கங்க. நல்லா வளத்திருக்காரு, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இருபது வருஷத்துல அந்த ஒட்டு புடைச்சுக்கிட்டு நிக்கும். என் மரம் அப்படி நிக்காது."

உத்சுமி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இந்த மரத்தை எடுத்துக்கறேன்" என்று ஏழாம் பாத்தியைக் காட்டினார்.

ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தீர்களானால் எங்கள் ஊரைத் தெரியாதவர் நீங்கள். மறுநாளே சங்கத்துச் செயலாளர் வந்தார். தலைவர் பெரிய மனசு பண்ணியிருக்கிறார், ஒரு பெட்டி இனிப்போடு வீட்டுக்கு வந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்டால் போதும். இல்லையென்றால் சங்கத்து லாரியும் கிரேனும் அவள் மரத்தை ஏற்றாது. சங்கத்திலும் இடமில்லை.

எங்களுக்குத் தலை குனிவது பெரிய விஷயமில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குனிகிறோம். பக்கத்து வீட்டுக்காரி அவளிடம், "ஒரு நிமிஷ வேலை மிசாவோ. குனிஞ்சுட்டு வந்துடேன். இனிப்பு வேணா நான் வாங்கித் தர்றேன்" என்றாள்.

"தொட்டது தப்புதான். அவரு என்னைப் பொய்க்காரி ஆக்கினாரே, அது? அவரு ஒரு தடவை குனியட்டும், நான் ரெண்டு தடவை குனியறேன்."

"அவரு எப்படிக் குனிவாரு? தலைவர்!"

"அப்ப நானும் நிமிந்தே இருந்துக்கறேன்."

மார்ச் நடுவில் மரத்தை நட்டாக வேண்டும். பக்கத்து ஊர்க் கிரேன்காரர்களும் சங்கத்தைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். தேர்வு முடிந்து திரும்பி வந்து தோட்டத்து மண்ணில் புதைத்து வைத்திருந்த மரத்தைச் சுற்றி மிசாவோ தனியாகப் பள்ளம் எடுத்தாள், தனியாக வேர்க்கட்டைக் கட்டினாள். எப்படி எடுத்துப் போவாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

நடும் நாள் காலை தோகுஹெய் தன் மிக்கான் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் கல்லறைக் கல் தூக்குகிற கிரேன் வண்டி ஒன்று. கல்தச்சன் அவன் சிநேகிதன், சங்கத்தோடு அவனுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. தோகுஹெய் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணி, பேச வேணாம். எங்க கட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கயிறு போடவேண்டிய இடத்தைக் காட்டினாள். அன்று முழுவதும் "இடது", "மெதுவா", "விடு" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மாலைக்குள் ஏழாம் பாத்தி நூலக வாசலில் நின்றது. அவன் லாரி முழுக்க மண். தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டிப் போனான்.

அதற்குள் எண்ணெய் அடித்தது யாரென்று வெளியே தெரிந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் தோகுஹெயை 'எண்ணெய்க்காரன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நூடுல்ஸ் கடையில் அவன் நுழைந்தால், "டேய், என் கிண்ணத்தைத் தொடாத, கலர் போயிடும்" என்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான். பிறகு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இது மிசாவோவின் காதுக்கும் வந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை.

ஏப்ரலில் திறப்பு விழா. செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. துணைமேயர் வந்திருந்தார், நூற்றைம்பது நாற்காலி, முன்வரிசையில் சங்கத்தோடு சொகாபே. அச்சடித்த கையேட்டில் 'வாசலில் நீல வெண்பைன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாசலில் பச்சை மரம். கையேட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்து ஜனம் குசுகுசுத்தது.

நகராட்சி அதிகாரி மிசாவோவிடம் ஒரு தாளை நீட்டினார். "ஒண்ணும் பெரிசில்லைங்க. சம்பிரதாயத்துக்கு நாங்களே ஒரு மன்னிப்பு வாசிச்சிடறோம். உங்க பேரைக்கூடச் சொல்லல."

அவள் படித்தாள். 'வளர்ப்பாளரின் உறவினர் ஒருவரது கவனக்குறைவால் மரத்தின் நிறம் கெட்டுவிட்டது. பொதுமக்களிடம் ஆழ்ந்த மன்னிப்பைக் கோருகிறோம்.'

தோகுஹெய் கடைசி வரிசைக்கும் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற ஒரே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். உறவினர் ஒருவர் என்று வாசித்தால் யாரென்று அங்கே கேட்கவேண்டியவர் ஒருவரும் இல்லை. நூற்றைம்பது தலையும் அவன் பக்கம் திரும்பும்.

"இதை வாசிக்கக் கூடாது" என்றாள் மிசாவோ.

"இல்லைங்க, நிகழ்ச்சி நிரல்லயே இருக்கு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் மேடையேறிவிட்டாள், அந்த முழங்காலோடு. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் பேசி அறியாதவள். குரல் முதலில் கீச்சென்று வந்தது.

"இந்த மரம் பச்சையா இருக்கு. எல்லாருக்கும் கண்ணு தெரியுது. இதுக்கு யாரும் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். எனக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. என் மரத்துக்குப் பூச்சி வந்துடப் போகுதேன்னு ஒருத்தன் பதறிப்போய், அவனுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்தை அடிச்சான். சங்கத்துல நாப்பது பேர் இருக்கீங்க. ஒருத்தராச்சும் என் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா?"

முன்வரிசையில் சொகாபே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி கெட்டுச்சு. மரம் கெடல. குருத்து வந்தா நீலமாத்தான் வரும். அது வரைக்கும் சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிங்க. அவனை எண்ணெய்க்காரன்னு இனி எவனாவது கூப்பிட்டா, அவன் வீட்டு மரம் அத்தனையும் துடைச்சு விடுவேன். துண்டு கழுத்துலயேதான் இருக்கு."

யாரோ பின்னால் வாய்விட்டுச் சிரித்தார்கள். இது வேறு மாதிரிச் சிரிப்பு. மிசாவோ மைக்கைத் தாங்கியில் மாட்டாமல் அதிகாரியின் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். முன்வரிசையைக் கடந்தாள், சொகாபே பக்கம் திரும்பவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நேராகச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். தோகுஹெய் ஓடிப்போக இடம் தேடினான். பின்னால் சுவர்.

அவன் முன்னால் நின்று, கைகளைத் தொடையில் வைத்து, இடுப்பை மடக்கி, நெற்றி முழங்காலுக்கு வரும் அளவுக்குக் குனிந்தாள். இரண்டு மாதமாக ஊரே கேட்டும் குனியாதவள், குனிந்தபடியே இருந்தாள்.

தோகுஹெய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணி, நிமிருங்க அண்ணி! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்டா" என்றாள் மிசாவோ, நிமிராமலே.